மாஸ்டர் வாளை மரத்தில் செய்தல்: கைக்காப்பின் சிறகு உடையாமல் இருக்க என்ன வழி?

கேள்வி: முதல்சீவல்

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையில் வசிக்கிறேன். தொழில் கணக்கு எழுதுவது, தச்சு வேலை ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் மட்டுமே. 'லெஜண்ட் ஆஃப் செல்டா' என்ற வீடியோ ஆட்டங்களில் வரும் மாஸ்டர் சோர்ட் என்ற வாளை மரத்தில் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 2017இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' ஆட்டத்தில் ஆட்டக்காரரின் உயிரளவைக் காட்டும் இதயங்கள் 13 சேர்த்த பிறகுதான் அந்த வாளைக் கல்லிலிருந்து உருவ முடியும். அதற்காக நான் செலவிட்ட இரவுகளை என் மனைவி இன்றும் மறக்கவில்லை.

சென்ற ஆண்டு, ஓர் இயந்திரம் வந்த பெட்டியைப் பிரித்துக் கிடைத்த பைன் பலகையில் ஒரு வாள் செய்தேன். வாளின் முழு உருவத்தையும் காகிதத்தில் வரைந்து, பலகையில் ஒட்டி, ஜிக்சாவால் ஒரே துண்டாக அறுத்தெடுத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் மேசையிலிருந்து நழுவி விழுந்ததும், அலகுக்கும் பிடிக்கும் இடையே இருபுறமும் சிறகுபோல் விரியும் கைக்காப்பின் இடப்பக்கச் சிறகு, பிஸ்கட்டை ஒடித்ததுபோல், நேர்கோட்டில் உடைந்துவிட்டது. பசை வைத்து ஒட்டினேன். மறுவாரம் என் அக்காள் மகன் கையில் எடுத்ததுமே வலப்பக்கச் சிறகும் போயிற்று.

இம்முறை சரியாகச் செய்ய விரும்புகிறேன். மொத்த நீளம் 100 செ.மீ. என்று வைத்திருக்கிறேன்: அலகு 74, கைக்காப்பு 6, பிடி 16, அடியில் உள்ள குமிழ் 4. அலகின் அகலம் 5.5 செ.மீ. என் கேள்விகள் மூன்று. எந்த மரம் ஏற்றது? ஒரே பலகையில் அறுப்பதா, துண்டுகளாகச் செய்து இணைப்பதா? அலகின் நடுவில் முதுகுபோல் ஒரு கோடு எழுந்து, அதிலிருந்து இருபுறமும் விளிம்பை நோக்கிச் சரியும் சாய்வைக் கையாலேயே சீராக எடுப்பது எப்படி? இழைப்புளி, இரண்டு உளி, ஒரு மர அரம், ஜிக்சா, துளையிடும் இயந்திரம், நான்கு கிளாம்ப் ஆகியவை என்னிடம் உள்ளன.

பதில் 1: மூங்கிலாணி

வணக்கம் நண்பரே. உங்கள் சிறகு உடைந்ததற்கு மரம் காரணம் அல்ல, ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் திசை, காரணம். வாளை ஒரே பலகையில் அறுத்தால் அலகுக்கு நீளவாக்கில் ரேகை ஓடும். அது அலகுக்கு நல்லது. ஆனால் அதே ரேகை, பக்கவாட்டில் நீளும் சிறகுகளைக் குறுக்கே கடந்து போகும். சிறகின் நுனியிலிருந்து அடி வரை தொடர்ந்து ஓடும் நார் ஒன்றுகூட இருக்காது. சின்னச் சின்ன நார்கள் அடுக்கி வைத்த சீட்டுக்கட்டைப்போல் பக்கம் பக்கமாக நிற்கும். அதைத் தேக்கில் செய்திருந்தாலும் இதே கதிதான். விறகு பிளக்கும்போது கோடரி எந்தத் திசையில் எளிதாக இறங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் சிறகு அந்தத் திசையில்தான் பிளந்திருக்கிறது.

ஆகவே இரண்டாம் கேள்விக்கு என் விடை இது: அலகும் பிடியின் உட்பகுதியும் ஒரே துண்டாக இருக்க வேண்டும், சிறகுகள் தனித் துண்டுகளாக இருக்க வேண்டும். அலகைக் கைக்காப்போடு முடித்து, பிடியைத் தனியாகச் செருகி ஒட்டுவோரும் உண்டு. அது சுவரில் மாட்ட மட்டுமே உதவும். கையில் பிடித்து வீசினால் நெம்பும் விசை முழுவதும் அந்த ஒரு மூட்டில்தான் வந்து விழும்.

என் தந்தையார் பட்டறையில் நான் கற்ற முறையை உங்கள் அளவுக்குப் பொருத்திச் சொல்கிறேன். 18 மி.மீ. கனத்துக்கு இழைத்த ஒரு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அலகு 5.5 செ.மீ. அகலத்தில் இறங்கி வந்து, கைக்காப்பு தொடங்கும் இடத்தில் 3 செ.மீ. ஆகக் குறுகி, குமிழின் அடி வரை அதே அகலத்தில் ஓடட்டும். குறுகும் இடத்தில் இருபுறமும் 1.25 செ.மீ. அளவுக்குத் தோள்போல் ஒரு படி கிடைக்கும். அந்தப் படியின் உள்மூலையை உளியால் கூராக வெட்டாதீர்கள். முதலில் அங்கே 6 மி.மீ. துளை போட்டு, அந்தத் துளைக்கு வந்து சேரும்படி அறுத்தால் மூலை வளைவாக அமையும். கூரான உள்மூலைதான் விரிசல் பிறக்கும் இடம்.

இனி கைக்காப்பு. இதை மூன்று அடுக்காகச் செய்யுங்கள். நடு அடுக்கு 18 மி.மீ. கனம்; இது இடச் சிறகு, வலச் சிறகு என்று இரு துண்டுகளாக, வாளின் உட்பகுதிக்கு இருபுறமும் ஒட்டி உட்கார வேண்டும். ஒவ்வொரு சிறகையும் பலகையில் வரையும்போது, சிறகு நீளும் திசையிலேயே ரேகை ஓடுமாறு அச்சைத் திருப்பி வைத்து வரையுங்கள். சிறகு வளைவாக இருப்பதால் ரேகை முழுவதும் உடன் வராது. நுனிப்பகுதிக்கு முன்னுரிமை கொடுங்கள், ஏனெனில் மெலிந்த இடம் அதுதான். முன்னும் பின்னும் 6 மி.மீ. ஒட்டுப்பலகையில் இடச் சிறகு நுனியிலிருந்து வலச் சிறகு நுனி வரை ஒரே துண்டாக அறுத்து மூடுங்கள். ஒட்டுப்பலகையில் தாள்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் எந்தத் திசையிலும் எளிதில் பிளக்காது. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் (நீர் தாங்கும்) ஒட்டுப்பலகையின் வெட்டுத்துண்டு கடைகளில் கிடைக்கும். பசை காய்ந்தபின் மூன்று அடுக்கையும் ஊடுருவி 5 மி.மீ. துளையிட்டு, பக்கத்துக்கு இரண்டாக மூங்கில் ஆணி அடித்துவிடுங்கள். பொளி, அதாவது செருகுவதற்கான பள்ளம், குடைய வேண்டிய வேலையே இதில் இல்லை.

பிடிக்கும் இதே கணக்குதான். 18 மி.மீ. உட்பகுதியின் இருபுறமும் 6 மி.மீ. தகடு ஒட்டினால், 30 மி.மீ.க்கு 30 மி.மீ. சதுரமாக ஒரு பிடி கிடைக்கும். அதை எண்கோணமாக்கி, பின்னர் முட்டை வடிவமாக்குவது ஒரு மாலைப்பொழுது வேலை.

மரத்துக்கு வருகிறேன். நான் குமிழ் தேக்கு என்ற மரத்தைச் சொல்வேன். எடை குறைவு, உளிக்கு இணங்கும், நன்றாகக் காய்ந்துவிட்டால் முறுக்கிக்கொள்ளாது. நிறப்பூச்சுப் பூசப் போகிற பொருளுக்கு அதைவிட விலை கூடிய மரம் தேவையில்லை. தேக்கு அழகுதான், ஆனால் அதன் மேல் வெள்ளி நிறம் அடிப்பதற்கு எனக்கு மனம் வராது. ரப்பர் மரம் வாங்கினால் மருந்தேற்றியதுதானா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பூச்சி துளைத்து, வாளுக்கடியில் மாவு கொட்டிக் கிடக்கும். பெட்டிப் பலகையையே மீண்டும் எடுப்பதானால், அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் வெப்பமூட்டியது, கவலையில்லை. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுவாயு காட்டியது. அதை இழைத்துத் தூளை மூச்சில் இழுக்க வேண்டாம்.

வாங்கியவுடன் அறுக்காதீர்கள். பலகையை வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் கட்டைகள் மேல் வைத்து, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகே உளியைக் கையில் எடுங்கள்.

பதில் 2: நுரைக்கத்தி

மன்னிக்கவும், நான் எதிர்க்கட்சி. இந்த வாள் விழாக்களுக்கு வேடமிட்டுச் செல்வதற்கு என்றால், மரத்தைவிட ஈ.வி.ஏ. நுரைத் தகடே மேல். கூட்டத்தில் பிறர் மேல் பட்டாலும் காயமில்லை, நாள் முழுவதும் சுமந்தாலும் தோள் வலிக்காது, நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்துவிட்டால் நிமிர்ந்தும் நிற்கும். வேட விழாக்களின் வாயிலில் பொருட்களைச் சோதிப்பவர்கள் கனமான மர வாளைக் கண்டால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்புவதும் உண்டு. போகுமுன் அந்தந்த விழாவின் விதிகளைப் படித்துவிடுவது நல்லது.

கேட்டவர் வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் செய்கிறார் என்றால் என் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மரத்தின் கனத்தை நுரை தராது என்பதை நானும் அறிவேன்.

முதல்சீவல்

நுரைக்கத்தி அவர்களுக்கு: வீட்டுச் சுவருக்குத்தான். ஆனால் நாளுக்கு ஒருமுறையாவது கையில் எடுத்து வீசிப் பார்ப்பேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூங்கிலாணி ஐயா, ரேகையைப் பற்றிய விளக்கத்துக்கு மிகுந்த நன்றி. உடைந்த சிறகை எடுத்துப் பார்த்தேன். உடைந்த முகம் ரேகையோடு ஒட்டி, இழைத்ததுபோல் வழவழப்பாக இருக்கிறது. ஓராண்டாக அது என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது, எனக்கு இது தோன்றவில்லை.

குமிழ் தேக்கில் ஒன்றேகால் அங்குலப் பலகை ஒன்று வாங்கியிருக்கிறேன். எடை ஒன்றுதான் எனக்கு ஐயமாக இருக்கிறது. அலகு முன்பக்கம் இழுக்குமா? சாய்வு எடுக்கும் முறையையும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 3: நடுக்கோடு

எடையைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். அலகின் நடுக்கனம் 18 மி.மீ., விளிம்பில் 5 மி.மீ. விட்டுவைக்கிறீர்கள் என்றால் சராசரிக் கனம் 11.5 மி.மீ. அதை 5.5 செ.மீ. அகலத்தாலும் 74 செ.மீ. நீளத்தாலும் பெருக்கினால் ஏறத்தாழ 468 கன செ.மீ. வரும், நுனி கூம்புவதால் 450 என்று வைத்துக்கொள்வோம். தேக்கு கன செ.மீ.க்கு சுமார் 0.65 கிராம், ஆகவே 290 கிராம். குமிழ் தேக்கு 0.5 கிராமை ஒட்டி வரும், ஆகவே 225 கிராம். கைக்காப்பும் பிடியும் அதற்குக் குறையாத கனத்தில் இருப்பதால் முன்பக்கம் பெரிதாக இழுக்காது. ஒப்பிட்டுச் சொல்வதானால், ஜப்பானிய வாட்பயிற்சியில் பயன்படும் பொக்கென் என்ற மர வாள் ஏறத்தாழ 102 செ.மீ. நீளம் உள்ளது, அதுவும் ஓக் போன்ற வன்மரத்தில் செய்வது. அதையே மணிக்கணக்கில் வீசுகிறார்கள். ஆனால் அது அடிப்பதற்கென்றே செய்த பொருள், உங்களுடையது அப்படியல்ல. சாய்வெடுத்த மெல்லிய விளிம்பால் எதையும் அடிக்காதீர்கள்.

இனி சாய்வு. இதில் திறமையைவிடக் கோடுதான் முக்கியம். அலகின் இரு முகங்களிலும் நடுக்கோடு கீறுங்கள். பிறகு பக்கவாட்டு விளிம்பின் 18 மி.மீ. கனத்தில் நடுவைக் கண்டு, அதற்கு இருபுறமும் 2.5 மி.மீ. தள்ளி இரண்டு கோடுகள் நீளவாக்கில் கீறுங்கள். நடுக்கோட்டுக்கும் இந்த விளிம்புக் கோட்டுக்கும் இடைப்பட்ட மரம்தான் நீங்கள் நீக்க வேண்டியது. கோடுகளைப் பென்சிலால் போடாமல் கத்தி நுனியால் கீறினால், இழைப்புளி அங்கே வந்து சேரும்போது மெல்லிய விளிம்புச் சீவல் தானாகவே பிரிந்துபோகும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று மரமே சொல்லிவிடும்.

அலகைப் பிடித்து வைப்பதுதான் பலருக்குத் தொல்லை. பக்கத்திலிருந்து கிளாம்ப் போட்டால் இழைப்புளியை அது தடுக்கும். நான் ஒரு நீளமான கட்டைமேல் வாளைக் கிடத்தி, பிடிக்குள் மறைந்துபோகும் உட்பகுதியில் இரண்டு திருகாணிகளைப் போட்டு இறுக்கிவிடுவேன். அந்தத் துளைகள் பின்னர் தகட்டுக்கடியில் மறைந்துவிடும். அலகின் மேற்பரப்பு முழுவதும் தடையின்றி உங்கள் இழைப்புளிக்குக் கிடைக்கும். நுனிக்கடியில் ஒரு ஆப்பு வைத்தால் துள்ளாது. ஒரு முகம் முடிந்து வாளைத் திருப்பும்போது அடியில் இப்போது சாய்வு இருக்கும், ஆகவே இருபுறமும் மெல்லிய சட்டங்களை வைத்துத் தாங்குங்கள்.

நான்கு சாய்வுகளில் ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு பக்கத்தில் மட்டும் மரத்தை நீக்கினால், உள்ளே அடங்கியிருந்த இழுவிசை விடுபட்டு அலகு வில்லாக வளையக்கூடும். பத்து இழைப்பு இந்தச் சாய்வில், பத்து இழைப்பு அடுத்ததில் என்று நான்கையும் சுற்றிச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் பரப்பில் பென்சிலால் குறுக்குக்கோடுகள் கிறுக்கி வைத்தால், இழைப்புளி எங்கே தொட்டது, எங்கே தொடவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். சீவல் நீளச் சுருளாக வரவேண்டும். பொடியாகச் சிதறினாலோ பரப்பு பிய்ந்தாலோ ரேகைக்கு எதிராகப் போகிறீர்கள் என்று பொருள், திசையை மாற்றுங்கள்.

கடைசி ஒரு மி.மீ.ஐ இழைப்புளியால் எடுக்க வேண்டாம். தட்டையான ஒரு மரக்கட்டையில் 80 எண் உப்புத்தாளை ஒட்டி, அதைக் கொண்டு தேயுங்கள். பிறகு 120, 180, 220. வெறும் விரலால் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்த்தால் நடுமுதுகின் கூர்மை மழுங்கி, வாள் துடுப்பைப்போல் ஆகிவிடும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கை அலகுக்குப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்துப் பாருங்கள். பகலில் தெரியாத பள்ளமெல்லாம் நிழலாக விழும். என் முதல் வாளை அந்த வெளிச்சத்தில் பார்த்தபோது, கடலலையைத்தான் செதுக்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

கைக்காப்பை ஒட்டி அலகின் அடிப்பாகத்தில் 5 செ.மீ. அளவுக்குச் சாய்வு எடுக்காமல் தட்டையாக விடுங்கள். மூன்று முக்கோணங்கள் சேர்ந்த செல்டா ஆட்டச் சின்னம் அங்கேதான் வரவேண்டும். சாய்ந்த பரப்பில் அதை நேராகக் கீறுவது கடினம்.

பதில் 4: முற்றத்துவேம்பு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மேலே சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. பூச்சு வேலையைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன், ஏனெனில் நான் கெட்டது அங்கேதான்.

இதே வாளை நான் 2006இல் வந்த 'ட்வைலைட் பிரின்சஸ்' ஆட்டத்தின் வடிவில் செய்தேன். இந்த வாள் 1991இல் 'எ லிங்க் டு த பாஸ்ட்' ஆட்டத்தில் முதன்முதலாக வந்தது. அன்றிலிருந்து ஆட்டத்துக்கு ஆட்டம் கைக்காப்பின் வளைவும் அலகின் அகலமும் சற்றே மாறிக்கொண்டு வருகின்றன. எந்த ஆட்டத்தின் வாள் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்து, அந்த ஒன்றின் படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு ஆட்டங்களின் படங்களைக் கலந்து வரைந்ததில் சிறகுகள் அலகுக்குப் பொருந்தாமல் பெருத்துவிட்டன.

அலகை முடித்து, மார்கழி மழை நேரத்தில், மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் அடித்தேன். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் தின்னரில் கரையும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுகள் காயும்போது பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். எனக்கு அப்படியே ஆயிற்று. முழுவதையும் தேய்த்து நீக்கி, வெயில் வந்த பிறகு மறுபடி தொடங்கினேன். மழை நின்று இரண்டு நாள் போன பிறகு பூசுங்கள்.

உலோக நிறம் மரத்தின் ஒவ்வொரு நுண்துளையையும் காட்டிக்கொடுக்கும். ஆகவே சீலர் இரண்டு கை, ஒவ்வொரு கைக்குப் பின்னும் 320 எண் தாள், பிறகு சாம்பல் நிற பிரைமர், அதன்பின்பே வெள்ளி நிறம் என்ற வரிசையைச் சுருக்க வேண்டாம். பிரைமர் அடித்தபின் ரேகை தெரிந்தால் வெள்ளியிலும் தெரியும். பிடிக்கு நீலம் கலந்த ஊதா. கைக்காப்பின் நடுவிலுள்ள மஞ்சள் கல்லைத் தனித் துண்டாகச் செய்து, எல்லாம் காய்ந்த பிறகு ஒட்டினால் நிறங்கள் ஒன்றில் ஒன்று கலக்காது.

தேக்கில் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொன்று: அந்த மரத்தில் இயல்பாகவே எண்ணெய் உள்ளதால் வெள்ளைப் பசை நன்றாகப் பிடிக்கத் தயங்கும். ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்த உடனேயே ஒட்டிவிட வேண்டும்.

முதல்சீவல்

ஐந்து வாரங்களுக்குப் பிறகு வருகிறேன். பலகையின் எடை மூன்றாம் வாரத்தில் நிலைத்தது. அதுவரை பொறுத்திருந்ததுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

கைக்காப்பு ஒட்டி, மூங்கில் ஆணியும் அடித்தாயிற்று. சோதிப்பதற்காக வாளைக் குறுக்காகக் கிளாம்பில் இறுக்கி, ஒரு சிறகின் நுனியில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைக் கயிற்றால் தொங்கவிட்டேன். ஒரு மணி நேரம் தொங்கியும் முனகல்கூட இல்லை. பழைய வாளில் மிஞ்சியிருந்த துண்டை அதே இடத்தில் மாட்டிப் பார்த்தேன். கேனை விட்டுக் கையை எடுப்பதற்குள் ஒடிந்தது.

சாய்வில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. ஒரு முகத்தில், நுனிக்கு 15 செ.மீ. முன்பிருந்து நடுமுதுகு 1 மி.மீ. அளவுக்கு இடப்பக்கமாக ஒதுங்கிவிட்டது. பக்கவாட்டு விளக்கில் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. இடப்பக்கச் சாய்வில் அவ்விடத்தில் விளிம்பு 4 மி.மீ. கனம்தான் இருக்கிறது. அதை மேலும் இழைக்க அச்சமாக இருக்கிறது, என்ன செய்யலாம்?

பதில் 5: நடுக்கோடு

இடப்பக்கச் சாய்வை இப்போதைக்குத் தொட வேண்டாம். முதுகு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்றால் அந்தப் பக்கத்தில் மரம் கூடுதலாகப் போய்விட்டது என்றோ, வலப்பக்கத்தில் இன்னும் மீதமிருக்கிறது என்றோ பொருள் அல்ல. நுனியின் நடுப்புள்ளியே நகர்ந்திருக்கவும் கூடும். முதலில் நுனியின் முனைப்புள்ளியிலிருந்து கைக்காப்பின் நடு வரை ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். நூல் முதுகின் மேலேயே ஓடினால் முதுகு சரி, நுனியின் வெளிவடிவம்தான் சாய்ந்திருக்கிறது. வலப்பக்க விளிம்பில் அந்த 15 செ.மீ. நீளத்துக்கு அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் போதும். நூல் முதுகைவிட்டு விலகி ஓடினால் மட்டும், கட்டையில் ஒட்டிய 120 எண் தாளால் முதுகின் இடப்பக்க ஓரத்தை மட்டும் தொடும்படி, விளிம்பை எட்டாமல் தேயுங்கள். முதுகுக் கோடு மெல்ல வலப்பக்கம் நகரும். பத்து முறை தேய்த்ததும் நிறுத்தி, விளக்கில் பாருங்கள்.

முதல்சீவல்

நூல் கட்டிப் பார்த்துவிட்டேன். முதுகின் மேலேயே ஓடுகிறது. கோணல் நுனியில்தான். அரத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்.